அக்காகிட்ட கேளுங்க: கடைசி பெஞ்சும் கழுத்து வலியும்

கேள்வி: அக்கா, எம்மவ ஏழாப்பு படிக்கா. ஒரே வருசத்துல மளமளன்னு வளந்துட்டா, அதனால கடைசி பெஞ்சுல ஓரமா உக்கார வச்சிருக்காவ. சாயங்காலம் வந்ததும் கழுத்து வலிக்கு, இடுப்பு வலிக்குங்கா. கூன் போட்டுத்தான் எழுதுதா, நிமிந்து உக்காருட்டின்னு ஏசிக்கிட்டே இருக்கேன், கேக்க மாட்டேங்கா. என்ன செய்ய?
- ஒரு தாய், அம்பாசமுத்திரம்

பதில்: தங்கச்சி, மொதல்ல பிள்ளைய ஏசுதத நிப்பாட்டும்மா. அந்த வயசுல பொம்பளப்பிள்ளைய சட்டுன்னு வளந்துரும், பெஞ்சும் டெஸ்க்கும் எல்லாருக்கும் ஒரே அளவுலதான கிடக்கு. உக்காந்தா பாதம் முழுசா தரையில படியணும், கையத் தொங்கப்போட்டா முழங்கை மட்டத்துக்கு டெஸ்க் வரணும். டெஸ்க் தணிவா இருந்தா பிள்ளை குனியத்தான் செய்யும், தலை முன்னால சாயச் சாய அம்புட்டு பாரத்தையும் கழுத்துச் சதைதான் தாங்கணும், வலிக்காம என்ன செய்யும்?

ஒருநா வகுப்ப எட்டிப் பாரு. நெறைய பிள்ளைய புத்தகப் பைய பெஞ்சுலயே முதுகுக்குப் பின்னால வச்சிருக்கும், பை பாதி பெஞ்ச எடுத்துக்கிடும், பிள்ளை நுனியில தொத்திக்கிட்டு இருக்கும், தொடைக்கு ஒரு தாங்கலும் கிடையாது. பைய கீழ வைக்கச் சொல்லு.

ஓரத்துல இருந்து போர்டப் பாக்க நாள் பூரா ஒரே பக்கமா கழுத்தத் திருப்புதால்லா, அதுவும் சேந்துக்கிடும். 2025 ஜூலைல வகுப்புல மூணு பக்கமும் 'ப' வடிவத்துல பெஞ்சு போடணும்னு பள்ளிக்கல்வித் துறை சொன்னப்போ டாக்டர்மாரு சிலபேரு இந்தக் கழுத்து விசயத்தத்தான் சொன்னாவ, பிறவு அத நிறுத்தியும் வச்சாவ. வாரம் ஒருக்க இந்தப் பக்கம் அந்தப் பக்கம் மாத்தி உக்கார வைங்கன்னு டீச்சர்ட்ட கேளு, காசு செலவில்லாத காரியம். டெஸ்க்குக்கு நாலு காலுக்கு அடியிலயும் ஆடாம கட்டை அடிச்சுக் கொடுத்தாலே உயரம் வந்துரும், இல்லன்னா பத்தாப்பு டெஸ்க் ஒண்ணக் கொண்டாந்து போடச் சொல்லலாம். பள்ளி மேலாண்மைக் குழு கூட்டத்துலயே எந்திரிச்சு கேளு, தயங்காத, உம்மவளுக்கு மட்டுமா வலிக்கும்? நல்ல பெஞ்சே கிடைச்சாலும் பீரியட் மாறயில பிள்ளைய எந்திரிச்சு கை கால உதறட்டும்.

வீட்டுல ஒண்ணு பாத்துரு. காலச் சேத்து நின்னு முன்னால குனியச் சொல்லி பின்னால நின்னு பாரு. முதுகு ஒரு பக்கம் மட்டும் மேடா தெரிஞ்சாலோ, ராத்திரி தூக்கத்துல வலி எழுப்புனாலோ, கால் மரத்துப்போகுதுன்னு சொன்னாலோ தைலத்தத் தேச்சுக்கிட்டு இருக்காத, பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரில எலும்பு டாக்டர்ட்ட காட்டிரு.