நடுப்பகலில் வாடும் தக்காளி: பூவாளியை எடுக்கும் முன்

கேள்வி: மாடியில் 12 பைகளில் தக்காளி வைத்திருக்கிறேன். மத்தியானம் ஆனால் எல்லாச் செடியும் தொங்கிவிடுகின்றன. அதனால் காலை, மாலை இரண்டு வேளையும் தாராளமாகத் தண்ணீர் விடுகிறேன். போன வாரம் 2 செடிகள் இலை பச்சையாக இருக்கும்போதே சாய்ந்தன, எழவே இல்லை. கடையில் கொடுத்த பூஞ்சைக்கொல்லியை அடித்தும் பலனில்லை. என்ன செய்யலாம்?

பதில்: மத்தியானம் வாடும் செடிகளையும் செத்துப்போன இரண்டையும் ஒரே கணக்கில் சேர்க்காதீர்கள். வாடல் என்பது காய்ச்சல் மாதிரி. காய்ச்சல் வந்ததென்று தெரிகிறதே தவிர, எதனால் வந்ததென்று அதிலிருந்து தெரியாது.

முதலில் செடியை மத்தியானம் பார்ப்பதை விட்டுவிட்டு, விடிகாலை 6 மணிக்குப் பாருங்கள். இரவில் நிமிர்ந்து விறைப்பாக நிற்கிறதா? அப்படியானால் அது பெரும்பாலும் வெயில் வாடல்தான். உச்சிவெயிலில் இலை வெளியேற்றும் நீரின் வேகத்துக்கு வேரால் ஈடுகொடுக்க முடியாது. இலை தொங்கினால் அதன் மேல் படும் வெயில் குறையும். மண்ணே காயத் தொடங்கினால் செடியில் அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோன் கூடி, இலைத்துளைகளை மூடச் சொல்லும். இதெல்லாம் செடி தன்னைக் காத்துக்கொள்ளும் வழிகள். இதற்கு மருந்து தேவையில்லை. மாடித் தரை அனலில் பையின் அடி கொதிக்கும், அதனால் பைகளைச் செங்கல் மேல் தூக்கி வையுங்கள். மண்ணுக்கு மேல் காய்ந்த சருகை மூடாக்காகப் போடுங்கள். உச்சிவெயிலுக்கு நிழல்வலை இருந்தால் நல்லது.

அடுத்தது, நீங்கள் விடும் தண்ணீர். விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் கையில் ஒட்டினால் அன்றைக்குத் தண்ணீர் வேண்டாம். ஊறிக்கிடக்கும் மண்ணில் வேருக்குக் காற்று கிடைக்காது. அப்போது வேரில் உருவாகும் ஒரு பொருள் மேலே ஏறி, இலையில் எத்திலீன் வாயுவாக மாறி, இலைக்காம்பைக் கீழ்நோக்கி வளைத்துவிடும். பார்வைக்குத் தண்ணீர் கேட்பது போலவே இருக்கும். தொட்டால் வித்தியாசம் தெரியும்: தாகத்தில் வாடிய இலை ஈரத்துணி போலத் துவளும், நீர் தேங்கி வளைந்த இலையோ காம்பு மட்டும் தாழ்ந்து, தான் விறைப்பாகவே இருக்கும். இதைத் தாகம் என்று நினைத்து இன்னும் இரண்டு சொம்பு ஊற்றித்தான் நிறையச் செடிகளைக் கொல்கிறோம். (ஆரம்பத்தில் நானும் அப்படித்தான் கொன்றேன்.)

சரி, பச்சையாகவே சாய்ந்த அந்த இரண்டுக்கு வருவோம். எனக்குச் சந்தேகம் பாக்டீரியா வாடல் நோய் மேல்தான். ரால்ஸ்டோனியா என்ற பாக்டீரியா வேர்க் காயங்கள் வழியே நுழைந்து, தண்ணீர் ஏறும் குழாய்களுக்குள் பெருகி, கொழகொழப்பான பசையால் அவற்றை அடைத்துவிடும். சுற்றிலும் ஈரம் இருந்தும் செடி தாகத்தில் சாகும். பூஞ்சைக்கொல்லி பாக்டீரியாவை ஒன்றும் செய்யாது.

வீட்டிலேயே சோதிக்கலாம். இனி ஒரு செடி அப்படிச் சாய்ந்தால், தரையை ஒட்டிய தண்டை ஒரு விரல் நீளம் வெட்டி, தெளிந்த தண்ணீர் உள்ள கண்ணாடி டம்ளரில் வெட்டுமுனை மட்டும் நனையும்படி பிடியுங்கள். ஆட்டாமல் சில நிமிடம் பாருங்கள். வெட்டிலிருந்து பால் கசிவது போல வெள்ளை இழைகள் இறங்கினால் அது பாக்டீரியாதான். இழை வராமல், தண்டின் உள்ளே பழுப்பு வளையம் தெரிந்து, அடியிலைகள் முன்பே மஞ்சளாகியிருந்தால் ஃபியூசேரியம் பூஞ்சை வாடல். வேரையும் கழுவிப் பாருங்கள். மணி கோத்தது போல முடிச்சுகள் இருந்தால் நூற்புழு இருக்கிறது. அது குத்தும் காயம் பாக்டீரியாவுக்கும் வாசல்.

பாக்டீரியா என்று உறுதியானால் அந்தச் செடியைக் காப்பாற்ற முயலாதீர்கள். மண்ணோடு பையை அப்புறப்படுத்துங்கள், உரக்குழியில் போடாதீர்கள். அந்தப் பையிலிருந்து வழியும் தண்ணீர் பக்கத்துப் பைக்குப் போகிறதா என்று கவனியுங்கள். மாடியில் நோய் பரவுவது பெரும்பாலும் இப்படித்தான். வெட்டிய கத்தியையும் கழுவிச் சுத்தம் செய்துவிட்டு அடுத்த செடியைத் தொடுங்கள்.

அடுத்த முறைக்கு பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்க்கா ரக்ஷக் போன்ற எதிர்ப்புள்ள ரகத்தைப் பாருங்கள். சுண்டைக்காய் வேர்ச்செடியில் ஒட்டுக்கட்டிய நாற்று கிடைத்தால் அதுவும் நல்லது. சுண்டை இந்த நோயையும் நூற்புழுவையும் தாங்கும்.

மீதிப் பைகளின் மண்ணில் உடனே கத்தரி, மிளகாய் வைக்காதீர்கள், அவையும் தக்காளிக் குடும்பம். மக்காச்சோளமோ வெங்காயமோ போடலாம். வேரில் முடிச்சு பார்த்திருந்தால் வெண்டையும் வேண்டாம், நூற்புழுவுக்கு அது விருந்து. அந்தப் பைகளில் துலுக்கச் சாமந்தி ஒரு போகம் பூக்கட்டும்.