செம்பைப் பற்றவைத்தவள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

1840களின் லண்டனில் நடக்கும் ஆங்கில நாவல் ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். கடினமான சொற்களுக்கு அகராதி கைகொடுக்கிறது. எளிய சொற்களில்தான் வழுக்கி விழுகிறேன். திங்கட்கிழமை விடியுமுன் எழுந்து வேலைக்காரப் பெண் ‘காப்பரை’ப் பற்றவைக்கிறாள். ‘செம்பைப் பற்றவைத்தாள்’ என்று எழுதிவிட்டு நானே சிரித்தேன். இன்னொரு பெண் மெழுகுவர்த்தியை ‘ஸ்னஃப்’ செய்துவிட்டுத் தையலைத் தொடர்கிறாள். விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் எப்படித் தைப்பாள்? மருத்துவருக்கு ஒரு ‘கினி’ தருகிறார்கள். ஒரு பவுண்டு என்று போட்டுவிடலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

சிரிப்பு வந்ததே நல்ல அறிகுறி. பழைய குதிரை வண்டி ஒன்றின் பெயர் வந்தால் யாரும் அகராதியைத் திறப்பார்கள். ‘காப்பர்’ போன்ற சொல் தெரிந்த முகத்தோடு வருவதால் சோதிக்காமல் உள்ளே விட்டுவிடுகிறோம்.

காப்பர் என்பது ஒரு பெரிய அண்டா. பின்கட்டில், பாத்திரம் கழுவும் அறையின் மூலையில், செங்கல் மேடைக்குள் பதித்துக் கட்டியிருப்பார்கள். அடியில் தனி அடுப்புவாய், பின்னால் புகைபோக்கி, மேலே மரமூடி. செம்பில் செய்ததால் வந்த பெயர், வார்ப்பிரும்பில் செய்தபோதும் மாறவில்லை. அதனால் ‘பளபளக்கும்’ என்று நீங்களாக அடைமொழி எதுவும் சேர்த்துவிடாதீர்கள். பதினைந்து, இருபது காலன் பிடிக்கும். ஒரு காலன் ஏறத்தாழ நாலரை லிட்டர். பலவற்றுக்குக் குழாய் கிடையாது. வாளி வாளியாக ஊற்றி நிரப்ப வேண்டும், வேலை முடிந்ததும் மொண்டு மொண்டு காலி செய்ய வேண்டும். அவ்வளவு குளிர்ந்த நீர் கொதிக்க நேரமாகும் என்பதால்தான் உங்கள் வேலைக்காரப் பெண் இருட்டோடு எழுந்திருக்கிறாள்.

‘வெள்ளாவி’ என்று போட்டால் என்ன என்று தோன்றும். எனக்கும் அந்தச் சொல்மேல் ஆசைதான், ஆனால் இங்கே பொருந்தாது. வெள்ளாவியில் துணி பானைக்கு மேலே அடுக்கப்பட்டு ஆவியில் வேகும். காப்பரில் சோப்புத் தண்ணீருக்குள் மூழ்கிக் கொதிக்கும். முதல் தடவை ‘செங்கல் மேடையில் பதித்த வெந்நீர் அண்டா’ என்று விரித்துச் சொல்லிவிட்டு, அப்புறம் வெறும் அண்டா என்றே போகலாம். ‘அண்டாவுக்கு அடுப்பு மூட்டினாள்’ என்றால் யாரும் தடுமாற மாட்டார்கள்.

சலவைக் காட்சி நீளமாக வந்தால் வரிசை தெரிந்திருப்பது நல்லது. வெள்ளைத் துணிகளைச் சோடா கரைத்த நீரில் முன்கூட்டியே ஊறப்போடுவார்கள். காலையில் சோப்பைச் சீவிக் கரைத்து, துணிகளை அண்டாவில் இருபது நிமிடம் போலக் கொதிக்கவிட்டு, கழியால் தூக்கி எடுத்து அலசுவார்கள். கம்பளித் துணி அதில் விழுந்தால் சுருங்கி அட்டைபோல ஆகிவிடும். சோப்புக்கு 1853 வரை வரி இருந்ததால், நல்ல துணி வெந்த தண்ணீரில் முரட்டுத் துணி, மிஞ்சியதில் தரை கழுவல் என்று கடைசிச் சொட்டுவரை போகும். கடைசி அலசலில் ‘ப்ளூ’ என்று வந்தால் அது நிறத்தைச் சொல்வதல்ல, நாம் வெள்ளை வேட்டிக்குப் போடும் அதே நீலம்தான். துணி முடிச்சில் கட்டித் தண்ணீரில் பிழிவார்கள். சரியாகக் கரையாவிட்டால் கோடு கோடாகத் திட்டு விழும். சோடாவை முழுக்க அலசாமல் பிரஷ்ய நீலம் போட்டாலோ இன்னும் மோசம்: காரம் பட்டு நீலம் சிதைந்து, அதிலுள்ள இரும்பு துருவாகத் துணியில் தங்கிப் பழுப்புப் புள்ளி வைக்கும். எஜமானி திட்டுவது பெரும்பாலும் அந்தப் புள்ளிக்காகத்தான் இருக்கும். பிறகு கஞ்சி. ‘மேங்கிள்’ என்பது இரண்டு மர உருளைகளுக்கு நடுவே துணியை விட்டுக் கைப்பிடியால் சுற்றி அழுத்தும் பொறி.

அன்று சாப்பாட்டு மேசைக்கு ஆறிய இறைச்சி வந்தால் அதைக் கஞ்சத்தனமாகக் காட்டிவிட வேண்டாம். கையும் அடுப்பும் சலவையில் மாட்டியிருக்க, ஞாயிற்றுக்கிழமை மிச்சம்தான் திங்கட்கிழமைச் சாப்பாடு. கிறிஸ்துமஸுக்குப் புட்டிங்கைத் துணியில் கட்டி வேகவைப்பதும் இதே அண்டாவில்தான். புட்டிங்கில் சலவை வாசனை அடித்தால் அது அச்சுப்பிழை இல்லை.

மெழுகுவர்த்தி விஷயத்தில் உங்கள் சந்தேகம் சரியானது. அவள் விளக்கை அணைக்கவில்லை, கரிந்த திரியைக் கத்தரிக்கிறாள். சாதாரண வீடுகளில் எரிந்தது ஆட்டு, மாட்டுக் கொழுப்பு வர்த்தி. அதன் முறுக்குத்திரி எரிந்து தீராமல் கரிந்து சுடருக்குள்ளேயே நீளும். வெளிச்சம் மங்கும், புகை கட்டும், கொழுப்பு ஓரமாக வழியும். சில நிமிடங்களுக்கு ஒருமுறை கத்தரிக்க வேண்டும். அதற்கென்றே ஒரு கத்தரிக்கோல் உண்டு. வெட்டிய கரி மேசையில் விழாமல் பிடிக்க அதன் அலகில் ஒரு குட்டிப் பெட்டி இருக்கும். கை தவறினால் சுடரே போய்விடும், அதற்காகவும் வேலைக்காரர்கள் திட்டு வாங்கினார்கள். அணைப்பதற்கு வேறு கருவி, கூம்பு வடிவக் குல்லாய். 1820களில் வந்த பின்னல்திரி எரியும்போது வளைந்து சுடருக்கு வெளியே நீட்டிக்கொண்டு தானே சாம்பலாகிவிடும். அது பரவியதும் கத்தரிக்கோலுக்கு வேலை போயிற்று. அகல்விளக்கின் திரியைத் தூண்டிவிடுவது நமக்குப் பழக்கமானது என்பதால், ‘திரியைக் கத்தரித்துத் தூண்டிவிட்டுத் தையலைத் தொடர்ந்தாள்’ என்று எழுதலாம்.

கினியைப் பவுண்டாக்காதீர்கள். பவுண்டுக்கு 20 ஷில்லிங், கினிக்கு 21. கினி நாணயம் அடிப்பது 1814-லேயே நின்றுவிட்டது. ஆனால் மருத்துவர், வழக்கறிஞர் கட்டணமும் ஓவியம், பந்தயக் குதிரை விலையும் கினியிலேயே பேசப்பட்டன. கடைக்காரருக்குப் பவுண்டு, கனவானுக்குக் கினி என்ற மரியாதைக் கணக்கு அது. கையில் கொடுப்பது பெரும்பாலும் ஒரு சாவரின் தங்கக் காசும் ஒரு ஷில்லிங்கும். அந்த ஒரு ஷில்லிங் அற்பமும் அல்ல. 12 பென்ஸ், அதாவது 1840-இல் ஒரு பென்னி தபால் வந்த பிறகு பன்னிரண்டு கடிதம் அனுப்பும் காசு. சாவரின் என்ற அந்தக் காசுதான் நம் வாயில் சவரன் ஆனது. அதன் எடை 7.988 கிராம், 22 காரட். நகைக்கடையின் எட்டு கிராம் கணக்கு அங்கிருந்து வந்ததுதான்.

இன்றைய ரூபாய்க்கு மாற்றி எழுதும் ஆசை வந்தால் அடக்கிக்கொள்ளுங்கள். அதைவிட, அந்த வேலைக்காரப் பெண்ணின் சம்பளம் நாவலில் எங்காவது வந்தால், வாசகர் கண்ணில் அது தவறாமல் படும்படி செய்யுங்கள். கினியின் கனம் அதிலேயே தெரிந்துவிடும். கடைச் சீட்டில் 2/6 என்று இருந்தால் அது பின்னமல்ல, இரண்டு ஷில்லிங் ஆறு பென்ஸ், அதாவது அரை கிரவுன் என்ற காசு. தொகைக்குப் பின்னால் ‘டி’ என்ற எழுத்து மட்டும் நின்றால் அது பென்ஸ். ரோமானியரின் டெனாரியஸ் காசிலிருந்து வந்த எழுத்து.