அமைதி ஆய்வு: படிப்பு, வேலை, களம் பற்றிக் கேட்டவர்களுக்கு

பினாங்கில் அனைத்துலக உறவும் அமைதி ஆய்வும் கற்பிக்கிறேன். இந்த வாரம் வந்த கேள்விகளுக்கு என் பதில்கள்.

படிவம் ஆறு மாணவி, பட்டர்வொர்த்: அக்கா, இரண்டும் ஒரே படிப்பா?

உறவுதான் தங்கச்சி, ஆனால் தனித்தனி. முதலாம் உலகப் போர் முடிந்த கையோடு, 1919இல் வேல்ஸின் அபெரிஸ்ட்வித்தில் அனைத்துலக உறவுத் துறை தொடங்கியது. நாடுகள் ஏன் மோதுகின்றன, ஏன் கூட்டுச் சேர்கின்றன என்று அது கேட்கும். 1959இல் ஓஸ்லோவில் அமைதி ஆய்வுக் கழகத்தைத் தொடங்கிய யோஹான் கால்டுங், சமூகத்தின் அமைப்பே ஆளைக் கொல்லலாம், அதுவும் வன்முறைதான் என்று 1969இல் எழுதினார். மருத்துவர் எட்டிப் பார்க்காத தோட்டத்தில் ஒரு பிள்ளை காய்ச்சலில் செத்தால் யாரைக் கைது செய்வது? ஆனால் தடுத்திருக்கக்கூடிய சாவு அது. அமைதி ஆய்வு இதையும் கணக்கில் எடுக்கும்.

ஒரு தாயார், செந்தூல்: மகன் இதில்தான் பிடிவாதமாக இருக்கிறான். சோறு போடுமா?

போடும் அம்மா, கொஞ்சம் தாமதமாக. விரிவுரையாளராக முனைவர் பட்டம் வேண்டும். முதுகலையும் சேர்த்தால் பட்டப்படிப்புக்கு மேல் ஐந்தாறு வருடம் ஆகிவிடும். நடுவில் ஒப்பந்த வேலைகளே அதிகம் கிடைக்கும். வெளியுறவு அமைச்சுக்குப் போக அரசுப் பணித் தேர்வு இருக்கிறது.

முதுகலை மாணவர், கோலாலம்பூர்: ஆய்வுக்கு எந்தச் சண்டையை எடுப்பது?

உங்களுக்கு மொழி தெரிந்த இடத்தை எடுங்கள் தம்பி. மொழிபெயர்ப்பாளரை நடுவில் வைத்தால் பாதிப் பேச்சு போய்விடும். தென் தாய்லாந்தின் பத்தானி மக்கள் பேசுவது கிளந்தான் வழக்குக்கு நெருக்கமான மலாய். தாய்லாந்து அரசும், அங்கே தனிநாடு கேட்டுப் போராடும் பி.ஆர்.என். அமைப்பும் பேச்சைத் தொடங்கச் சம்மதித்துக் கையெழுத்திட்டது, 2013 பிப்ரவரி 28இல் கோலாலம்பூரில்தான்.

அப்புறம், கைகுலுக்கும் படங்களைத் தாண்டி ஒப்பந்தத்தின் இணைப்புகளைப் படியுங்கள். பிலிப்பைன்ஸின் மிண்டனாவோவில் போராடிய மோரோ இஸ்லாமிய விடுதலை முன்னணியோடு அந்நாட்டு அரசு 2012இல் சட்டக ஒப்பந்தம், அதாவது பொது வரைவு ஒப்பந்தம், செய்தது. செல்வப் பகிர்வு பற்றிய இணைப்பு 2013 ஜூலையில்தான் முடிந்தது. உலோகத் தாதுக்களின் வருவாயில் 75 விழுக்காடு பங்சாமோரோ என்ற தன்னாட்சிப் பகுதிக்கு; எண்ணெய், எரிவாயு, நிலக்கரியில் சரிபாதி. சண்டை நிற்குமா என்பது இந்த வாசகங்களைப் பொறுத்தது. முழு ஒப்பந்தம் 2014 மார்ச்சில் கையெழுத்தானது.

ஆசிரியர், பிரிக்ஃபீல்ட்ஸ்: தமிழர் ஒருவர் இலங்கையைப் பற்றி நடுநிலையாக ஆராய முடியுமா?

முடியும் ஐயா. எனக்கு இது மனதுக்கு நெருக்கமான கேள்வி. 2009 முள்ளிவாய்க்காலை நினைத்தால் எனக்கும் நெஞ்சு கனக்கிறது. அதை மறைக்க வேண்டியதில்லை. நான் எங்கே நின்று எழுதுகிறேன் என்பதை முதல் அத்தியாயத்திலேயே சொல்லிவிடலாம். ஆனால் 1990 அக்டோபரில் யாழ்ப்பாணத்திலிருந்து புலிகள் வெளியேற்றிய முஸ்லிம் குடும்பங்களின் கதையும் அதே ஆய்வில் வர வேண்டும். மகனை இழந்த சிங்களத் தாயின் வாக்குமூலமும் வேண்டும். அதனால்தான் இலங்கையை எடுக்கும் மாணவர்களிடம் முதலில் சிங்களம் படிக்கச் சொல்கிறேன். தமிழ் நமக்கு வீட்டிலேயே இருக்கிறது. மறுபாதியையும் நாம்தான் தேடிப் போக வேண்டும்.

படிவம் ஐந்து மாணவர், பிறை: படிவம் ஆறில் எழுதும் எஸ்.டி.பி.எம். தேர்வுக்கு என்ன பாடம் எடுக்கலாம்?

வரலாறு கட்டாயம் எடுங்கள், பொருளியலும் உதவும். முயட் ஆங்கிலத் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கப் பாருங்கள், படிக்கும் கட்டுரைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கும்.