அமெரிக்கப் பள்ளிகளில் பெண்கள் பையன்களை நடனத்துக்கு அழைக்கும் வழக்கம் நல்லதுதானா?

நல்லதுதான். பையனைப் பெற்ற அம்மாவாகச் சொல்கிறேன்.

நாங்கள் சியாட்டில் பக்கம் இருக்கிறோம். பெண்கள் அழைக்கும் இந்த நடனத்தை மற்ற ஊர்களில் சேடி ஹாக்கின்ஸ் நடனம் என்பார்கள், இங்கே 'டோலோ' என்பார்கள். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் இருந்த மாணவியர் சங்கம் ஒன்றின் பெயர் அது. இந்தப் பக்கத்துப் பழங்குடியினரும் வணிகர்களும் பேசிய சினூக் வணிக மொழியில் வெல்வது என்று அர்த்தம். எனக்கு இந்தப் பெயர்தான் பிடிக்கும்.

காரணம் இருக்கிறது. சேடி ஹாக்கின்ஸ், அல் கேப் வரைந்த 'லில் ஆப்னர்' படக்கதையில் 1937-இல் வந்த பாத்திரம். 35 வயதாகியும் கல்யாணம் ஆகாதவள், அழகில்லாதவள் என்று ஊரே பேசும் பெண். அவளுடைய அப்பா ஊரிலுள்ள பிரம்மச்சாரிகளை ஓடவிட்டு, அவர்களைத் துரத்திப் பிடிக்கும்படி மகளிடம் சொல்வார். பிடிபட்டவன் அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும். ஒரு பெண்ணின் முகத்தை வைத்துச் செய்த கேலி, படிக்கவே மனசு கஷ்டப்படும். ஆனால் மாணவிகள் அதிலிருந்து தங்களுக்கு வேண்டியதை, அதாவது பெண்ணே முதலில் கேட்கலாம் என்பதை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். 1939-லேயே 201 கல்லூரிகளில் 'சேடி ஹாக்கின்ஸ் நாள்' கொண்டாடியதாக லைஃப் பத்திரிகை எழுதியது.

சரி, எங்கள் வீட்டுக்கு வருகிறேன். டோலோவுக்கு இரண்டு வாரம் முன்பிருந்தே மகன் சாப்பிடும்போதுகூட போனைக் கவிழ்த்து வைக்கவில்லை. கேட்டால், "ஒண்ணுமில்லம்மா." நண்பர்களை ஒவ்வொருவராக யாராவது அழைத்துக்கொண்டிருந்தார்கள். நம்மை யாருக்காவது பிடிக்குமா என்று வாயைத் திறக்காமல் காத்திருப்பது எப்படி இருக்கும் என்று பெண்களுக்குத் தெரியும். அவனுக்கு அதுதான் முதல் தடவை.

கடைசியில் ஒரு பெண் அழைத்தாள். அவன் டென்னிஸ் ஆடுவான் என்பதால் நான்கு பந்துகளில் டி, ஓ, எல், ஓ என்று கறுப்பு மார்க்கரால் எழுதி, மதியச் சாப்பாட்டு மேசையில் வரிசையாக வைத்திருக்கிறாள். எல் மட்டும் உருண்டு கீழே போய்விட்டதாம். டிக்கெட் அவள் செலவு, அவள் கவுனின் பச்சைக்குப் பொருத்தமான டை இவன் செலவு. சரி என்றதில் அவனுக்கு அவ்வளவு சந்தோஷம். ஐந்தாறு போன்கள் தன் முகத்துக்கு நேரே நீண்டதுதான் பிடிக்கவில்லை.

அடுத்த செப்டம்பரில் ஹோம்கமிங் என்ற பள்ளி விழாவின் நடனத்துக்கு இவன் ஒரு பெண்ணை அழைத்தான். அட்டை, பலூன் எதுவும் வாங்கவில்லை. பள்ளி விட்டு நடந்து வரும்போது தனியாகக் கேட்டானாம். ஏன் என்று கேட்டேன். "எல்லார் முன்னாடியும் கேட்டா அவளால வேண்டாம்னு சொல்ல முடியாதும்மா" என்றான்.