கூலி கொடுத்தது யார்?

கேள்வி: முதல் உலகப் போரில் வெள்ளைக்காரனுக்காகச் சண்டையிட்ட இந்தியச் சிப்பாய்கள், மாதம் பதினோரு ரூபாய்க்கு விலைபோன கூலிப்படையினர்தாமே? அவர்களுக்கு நினைவுச் சின்னமும் அஞ்சலியும் எதற்கு? யாரோ இருவர் போட்டுக்கொண்ட சண்டையில் நமக்கு என்ன சம்பந்தம்?
– ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: பதினோரு ரூபாய் என்பது சரியான கணக்குத்தான். போர் தொடங்கியபோது இந்தியக் காலாட்படைச் சிப்பாயின் மாதச் சம்பளம் அவ்வளவே. ஆனால் அந்தப் பணம் யாருடைய கஜானாவிலிருந்து போனது என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் உங்களுடைய மூன்றாவது கேள்விக்கு வேலையே இருந்திருக்காது.

கடல் கடந்து அனுப்பப்படும் இந்தியப் படைகளின் வழக்கமான செலவை இந்தியாவே ஏற்கும், அதற்கு மேற்பட்டதை மட்டும் பிரிட்டன் கொடுத்தால் போதும் என்பது 1914இலேயே முடிவான ஏற்பாடு. அதுவும் போதாதென்று 1917இல் பிரிட்டனின் போர்ச் செலவுக்காகப் பத்துக் கோடி பவுன், அன்றைய மதிப்பில் 150 கோடி ரூபாய், இந்தியாவின் ‘அன்பளிப்பாக’ அறிவிக்கப்பட்டது. அது ஏறக்குறைய இந்திய அரசின் ஓராண்டு வருவாய். இந்த அன்பளிப்பைக் கொடுக்கச் சொல்லி இந்தியக் குடிமகன் எவனிடமும் வாக்குக் கேட்கவில்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை. போர்க்கடன் பத்திரங்கள் விற்கப்பட்டன, வருமான வரிக்கு மேல் வரி வந்தது, மணங்கு என்ற அன்றைய எடைக்கு ஒரு ரூபாயாக இருந்த உப்பு வரி 1916இல் ஒன்றேகால் ரூபாயாயிற்று. வெள்ளித் தட்டுப்பாட்டில் நாணயம் அடிக்க முடியாமல், 1917 இறுதியில் முதன்முதலாக ஒரு ரூபாய்க் காகித நோட்டு அச்சிடப்பட்டது. ஆக, நீங்கள் ஏளனம் செய்யும் அந்தக் கூலியைக் கொடுத்தவர்களில், கஞ்சிக்கு உப்பு வாங்கிய உங்கள் கொள்ளுப்பாட்டியும் ஒருவர்.

‘கூலிப்படை’ என்ற சொல்லையும் இவ்வளவு எளிதாக வீசிவிட முடியாது. போருக்காகச் சேர்க்கப்பட்ட சுமார் 14 லட்சம் பேரில் ஐந்தரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் துப்பாக்கி ஏந்தாதவர்கள்: சமையல்காரர், தண்ணீர் சுமந்தவர், சலவைத் தொழிலாளர், கோவேறு கழுதை ஓட்டியவர், சுமை தூக்கியவர், மலம் அள்ளியவர். மெசபடோமியாவுக்கு, அதாவது இன்றைய இராக்குக்கு, சிறைக் கைதிகளைக் கொண்டே சுமைகூலிப் பிரிவுகள் அனுப்பப்பட்டன. கட்டாய ராணுவச் சேவைச் சட்டம் இந்தியாவில் இல்லை என்பது உண்மை. ஆனால் போரின் கடைசி இரண்டு ஆண்டுகளில் பஞ்சாபில் மாவட்டவாரியாக இத்தனை பேர் என்று ஒதுக்கீடு வைத்து, ஊர்த் தலைவர்களை நெருக்கி ஆள் பிடித்ததும் உண்மை. அந்த ஒரு மாகாணத்திலிருந்து மட்டும் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர் போனார்கள். கடனுக்கும் நிலத்துக்கும் குடும்ப கௌரவத்துக்கும் போனவர்கள் ஒருபுறம், தாசில்தாருக்குப் பயந்து போனவர்கள் ஒருபுறம். இருவரையும் ஒரே சொல்லில் அடைப்பது நியாயமன்று.

போனவர்கள் கண்ணை மூடிக்கொண்டும் சண்டையிடவில்லை. 1914 செப்டம்பர் இறுதியில் பிரான்சின் மார்சேய் துறைமுகத்தில் இறங்கி, அடுத்த மாதமே பெல்ஜியத்தின் ஈப்ர் போர்முனைக்குக் கொண்டுசெல்லப்பட்ட அந்தப் படையினர் ஊருக்கு எழுதிய கடிதங்களைத் தணிக்கை அதிகாரிகள் பிரித்துப் படித்து, சிலவற்றை மொழிபெயர்த்தும் வைத்தார்கள். அதனாலேயே அவற்றில் பல இன்று நமக்குக் கிடைக்கின்றன. தணிக்கைக்குத் தப்ப, இந்தியரைக் ‘கருமிளகு’ என்றும் வெள்ளையரைச் ‘சிவப்பு மிளகு’ என்றும் குறித்து, எந்த மிளகு அதிகம் செலவாகிறது என்று ஊருக்குத் தெரிவித்தவர்கள் அவர்கள். தாங்கள் எதற்குப் பயன்படுகிறோம் என்று அவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

நமக்குச் சம்பந்தமில்லை என்று திருநெல்வேலியிலிருந்து எழுதுகிறீர்களே, தாமிரபரணிக்கு அக்கரையிலுள்ள பாளையங்கோட்டையின் பெயரைத் தாங்கிய 63ஆவது படைப்பிரிவு 1914 நவம்பர் தொடக்கத்தில் ஜெர்மானியக் கிழக்கு ஆப்பிரிக்காவின் (இன்றைய டான்சானியாவின்) டாங்கா துறைமுகத்தில் இறக்கப்பட்டது உங்களுக்குத் தெரியுமா? வாரக்கணக்கில் கப்பலில் அடைபட்டுக் கிடந்து, தரையில் கால் ஊன்றிய சூட்டோடு சண்டைக்குத் தள்ளப்பட்ட அந்தப் பிரிவும் அடங்கிய எண்ணாயிரம் பேர் கொண்ட படையை, லெட்டோவ்-ஃபோர்பெக் என்ற ஜெர்மன் தளபதி ஏறத்தாழ ஆயிரம் பேரைக் கொண்டு விரட்டியடித்தார். தேனீக்கள் கலைந்து வந்து கொட்டியதில் ஒரு பட்டாளம் சிதறியது. பாளையங்கோட்டைப் பிரிவினரில் பலர் ஆயுதத்தைப் போட்டுவிட்டு ஓடினார்கள். இதை மறைப்பதில் பயனில்லை. ‘மதராஸிகள் போர் மரபினர் அல்லர்’ என்று பல ஆண்டுகளாகச் சொல்லி, தென்னிந்தியப் பட்டாளங்களைக் கலைத்தும் குறைத்தும் வந்த அதிகாரிகளுக்கு இது வசதியான சாட்சியாயிற்று. உளவறியாமல் கரையிறக்கிய பிரிட்டிஷ் தளபதியின் பிழை பின்னுக்குப் போயிற்று. அதே அரசு, ஆள் தட்டுப்பாடு வந்ததும், போர் மரபுக் கோட்பாட்டைத் தளர்த்திச் சென்னை மாகாணத்திலிருந்து தொண்ணூறாயிரத்துக்கும் மேற்பட்டோரைச் சேர்த்துக்கொண்டது என்பது தனிக் கதை.

ஜெர்மனியின் எம்டன் போர்க்கப்பல் 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்தியதை எல்லோரும் அறிவோம். அது சில நிமிடத்து வேடிக்கை. போர் இங்கே உண்மையில் நுழைந்தது விலைவாசியின் வழியாகத்தான். கப்பல்களும் ரயில் பெட்டிகளும் போருக்குப் போய்விட, துணியும் மண்ணெண்ணெயும் ஏறிய விலையில் நிற்க, 1918இல் பருவமழையும் பொய்த்தது. அந்தச் செப்டம்பரில் சென்னை நகரிலும் மாகாணத்தின் பல ஊர்களிலும் மக்கள் தானியக் கடைகளைச் சூறையாடினார்கள். கப்பல் வழியே பம்பாயில் இறங்கிய இன்ஃப்ளூயன்சா விஷக்காய்ச்சல் அதே ஆண்டில் நாடு முழுவதும் ஒரு கோடிக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. போர்முனைகளில் இறந்த இந்தியர் சுமார் 74 ஆயிரம் பேர் என்பதோடு இதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள்.

சிப்பாய்களைக் குறை சொல்வதற்கு முன், அவர்களைப் போகச் சொன்னவர்களையும் கேட்கவேண்டும். போரில் உதவினால் சுயாட்சி கிடைக்கும் என்று நம்பிய தலைவர்களில் காந்தியும் ஒருவர். 1918இல் குஜராத்தின் கேடா மாவட்டத்தில் ஊர் ஊராக நடந்து ஆள் சேர்த்தார். சில மாதங்களுக்கு முன் வரிகொடா இயக்கத்தின்போது இலவசமாகவே வண்டி கொடுத்த அந்த ஊர்களில், இப்போது வாடகைக்குக்கூட வண்டி கிடைக்கவில்லை என்று அவரே எழுதியிருக்கிறார். குடியானவனின் கணக்கு தலைவரின் கணக்கைவிடத் துல்லியமாக இருந்தது. 1917 ஆகஸ்டில் பொறுப்பாட்சி பற்றி இந்தியாவுக்கான பிரிட்டிஷ் அமைச்சர் மாண்டேகு வாக்குறுதி அளித்தார். 1919 மார்ச்சில், விசாரணையின்றிச் சிறைவைக்க வழிசெய்த ரௌலட் சட்டம் வந்தது. ஏப்ரல் 13 அன்று, அதிகமான ஆட்களை அனுப்பிய அதே பஞ்சாபில், ஜாலியன்வாலா பாக் நடந்தது.

இனி நினைவுச் சின்னத்துக்கு வருகிறேன். வெற்றி விழாவும் வீரவணக்க முழக்கமும் வேண்டாம் என்பதில் உங்களோடு எனக்குப் பிணக்கில்லை; அது பேரரசின் போர், நம்முடைய போர் அன்று. ஆனால் கடல் கடந்த இந்தியரில் பாதிக்கும் மேற்பட்டோர் போனது மெசபடோமியாவுக்கு. அங்கே துருக்கியர் இட்ட குத் நகர முற்றுகையில் பட்டினி கிடந்து 1916 ஏப்ரல் 29 அன்று சரணடைந்த சுமார் 13 ஆயிரம் பேரில் பெரும்பாலோர் இந்தியர். சிறைபிடிக்கப்பட்டு நடத்தியே கொண்டுசெல்லப்பட்ட அவர்களில் ஏராளமானோர் திரும்பவில்லை. அந்தப் போர்முனையில் இறந்து, கல்லறையும் கிடைக்காதவர்களுக்காக 1929இல் பாஸ்ராவில் ஒரு நினைவுச் சின்னம் எழுப்பினார்கள். அதில் பிரிட்டிஷ் சிப்பாய்களின் பெயர்கள் ஒவ்வொன்றாகப் பொறிக்கப்பட்டன, இந்திய அதிகாரிகளின் பெயர்களும் இருந்தன. சாதாரண இந்தியச் சிப்பாய்களுக்கோ படைப்பிரிவின் பெயரும் இத்தனை பேர் என்ற எண்ணும் மட்டுமே. அப்படி எண்ணாகிப்போனவர்கள் முப்பதாயிரத்துக்கும் மேல். இந்தப் பாகுபாட்டைப் போர்க் கல்லறைகளைப் பராமரிக்கும் காமன்வெல்த் ஆணையம் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது 2021இல்தான்.