வாசகர் கேள்விகள்: நோயாளியைப் பார்த்துக்கொள்பவர்களுக்கு ஒரு பயிலரங்கு

கேள்வி: எங்கள் மகளிர் குழுவில் பலர் படுத்த படுக்கையான மாமியாரையோ, பக்கவாதம் வந்த கணவரையோ பார்த்துக்கொள்கிறார்கள். அவர்களுக்காக உடல் அசைவும் கதை சொல்லலும் சேர்ந்த பயிலரங்கு நடத்த ஆசை. எப்படித் தொடங்குவது?
- ஒரு வாசகி, திருப்பாதிரிப்புலியூர்

பதில்: முதலில் நேரத்தை முடிவு செய்யுங்கள். மதியச் சாப்பாடு ஊட்டி, மாத்திரை கொடுத்து, நோயாளி கண்ணயர்ந்த பிறகுதான் பலரால் கிளம்ப முடியும். 2.30க்குத் தொடங்கி 4 மணிக்கு முடித்துவிடுங்கள். "இன்னும் பத்து நிமிஷம்" என்று இழுத்தால் அடுத்த வாரம் வர மாட்டார்கள். பத்துப் பேர் போதும். ஒரே வீட்டு மருமகளையும் நாத்தனாரையும் ஒன்றாகச் சேர்க்காதீர்கள், இருவருமே வாய் திறக்க மாட்டார்கள்.

கதையில் ஆரம்பிப்பதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. ஆளைத் தூக்கிப் புரட்டி இடுப்பும் தோளும் இறுகிப்போயிருக்கும்போது மனம் எப்படி இளகும்? முதல் அரை மணி நேரத்தை உடலுக்குக் கொடுங்கள். நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு பாதங்களையும் தரையில் பதிக்கட்டும். தோள்களைக் காது வரை தூக்கி, மூச்சை விட்டபடி தொங்கவிட வேண்டும், ஐந்து முறை. துணி பிழிந்து வலிக்கும் மணிக்கட்டை இரு பக்கமும் சுழற்றச் சொல்லுங்கள். நான்கு எண்ணும் வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும் வரை விடட்டும். வெளிமூச்சு நீளும்போது இதயத் துடிப்பு தணியும். மூச்சை அடக்க மட்டும் சொல்லாதீர்கள், ரத்தக்கொதிப்பு உள்ளவர்கள் இருப்பார்கள்.

அடுத்தது கும்மி. நம் ஊர்ப் பெண்களுக்கு இதைக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் குனிந்து அடிக்கும் கும்மி வேண்டாம். குனிந்தபடி இடுப்பைத் திருப்பினால் முதுகுவலி கிளம்பும். நிமிர்ந்து, நெஞ்சு உயரத்தில் கைதட்டி வட்டமாக நடந்தால் போதும். முழங்கால் வலி உள்ளவர்கள் உட்கார்ந்தே தட்டலாம். மெதுவாகத் தொடங்கி, வேகம் கூட்டி, மறுபடி மெதுவாக்குங்கள். லேசாக வேர்த்து, சிரிப்புச் சத்தம் எழுந்ததும் கதைக்கு உட்காருங்கள்.

ஆளுக்கு மூன்று நிமிடம். "உங்க கஷ்டத்தைச் சொல்லுங்க" என்றால் புகார்ப் பட்டியல் வரும், இல்லையென்றால் மௌனம் வரும். "நேத்து ராத்திரி கடைசியா எழுந்தப்ப என்ன நடந்தது?" என்று சின்னதாகக் கேளுங்கள். அதையும் தன்னைப் பற்றிச் சொல்வதுபோல் அல்லாமல், யாரோ ஒருத்தியின் கதையாகச் சொல்லட்டும். "அவ மூணு மணிக்கு எழுந்தா. ரப்பர் ஷீட்டை மாத்தினா. காயப்போடக் கொடியில இடமில்ல. அவளுக்குக் கோபம் வந்துச்சு." மாமியார்மேல் எனக்குக் கோபம் என்று ஊரறியச் சொல்லத் தயங்குபவரும் இப்படிச் சொல்லிவிடுவார்.

கேட்பவர்கள் அறிவுரை சொல்லக் கூடாது. "எங்க வீட்டுலயும் அப்படித்தான்" என்று தன் கதையை நுழைக்கவும் கூடாது. பதிலுக்கு, கதையில் வந்த ஓர் அசைவை எல்லோரும் ஒருமுறை செய்யட்டும். மேலே சொன்ன கதைக்கு, ஷீட்டை உதறும் கை. பார்வையாளர் சொல்லும் கதையை அங்கேயே நடித்துத் திருப்பிக் காட்டும் ப்ளேபேக் தியேட்டர் 1975-இல் அமெரிக்காவில் பிறந்தது. அதற்குப் பயிற்சி பெற்ற நடிகர்கள் தேவை. உங்களுக்கு இந்த ஒரே அசைவு போதும்; தன்னைக் கவனித்துக் கேட்டிருக்கிறார்கள் என்பது சொன்னவருக்குப் புரிந்துவிடும். செல்போன்கள் பைக்குள் இருக்கட்டும். போட்டோவும் வேண்டாம்.

கேள்வி: கதை சொல்லும்போது யாராவது உடைந்து அழுதால் என்ன செய்வது?
- ஒரு வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: அழட்டும். ஓடிப்போய்க் கட்டிப்பிடித்தால் பலர் சட்டென்று அழுகையை விழுங்கிவிடுவார்கள். பக்கத்தில் அமைதியாக இருங்கள், தண்ணீர் வையுங்கள். நடுக்கம் நிற்காவிட்டால் பாதங்களைத் தரையில் அழுத்தச் சொல்லி, அறையில் கண்ணில் படும் ஐந்து பொருட்களைச் சொல்லச் சொல்லுங்கள். கதையைத் தொடரும்படி கேட்காதீர்கள். "செத்துடலாம்போல இருக்கு" என்ற பேச்சு வந்தால் அதைச் சும்மா சொன்னதாக விட்டுவிடாமல், தனியே அழைத்துப் பேசுங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண், அதாவது அரசின் மனநல உதவி எண், இலவசம், இரவிலும் பகலிலும் தமிழில் பேசலாம். அழைப்பை நீங்களே போட்டுக் கொடுங்கள், எண்ணை எழுதிக் கொடுத்து அனுப்பினால் பெரும்பாலும் பேச மாட்டார்கள்.

கேள்வி: மகனைத் தனியாக விட்டு என்னால் வெளியே வரவே முடியாது. எனக்கு வழி உண்டா?
- ஒரு தாய், நெல்லிக்குப்பம்

பதில்: உண்டு, அம்மா. தெருவில் உங்களைப்போல் இன்னும் இரண்டு பேர் இருந்தால் கூட்டம் உங்கள் வீட்டுத் திண்ணையிலேயே நடக்கட்டும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை மருத்துவர் வீட்டுக்கே வருவார். கிராமச் செவிலியரிடம் பெயரைப் பதிந்து வையுங்கள். இயன்முறை மருத்துவர் வரும் நாளில் மகனுக்கான பயிற்சியோடு நிறுத்தாமல், மகனைப் புரட்டும்போதும் நாற்காலிக்கு மாற்றும்போதும் உங்கள் முதுகு நோகாமல் எப்படிப் பிடிப்பது என்று கேட்டு, அவர் முன்னாலேயே இரண்டு முறை செய்து பாருங்கள்.