துறைமுகத்தில் இறங்கும் அந்த ஆறு மணி நேரம்: தடுப்பூசிக் கேள்விகளும் பதில்களும்

பயணிகள் கப்பல்களில் பல வருடங்கள் மருத்துவராக இருந்துவிட்டு, இப்போது கரையில் வெளிநாடு போகிறவர்களுக்கு ஆலோசனை சொல்லிக்கொண்டிருக்கிறேன். வெப்பமண்டலத் துறைமுகங்களுக்குக் கப்பலில் போகிறவர்கள் கேட்கலாம் என்று சொல்லியிருந்தேன். கேள்விகள் குவிந்துவிட்டன. வந்த வரிசையிலேயே பதில் தருகிறேன். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருப்பதால், மேலே உள்ள பதில்களையும் தயவுசெய்து படியுங்கள்.

கோவையிலிருந்து: சிங்கப்பூரில் கப்பல் ஏறி, கிள்ளான் துறைமுகம், பினாங்கு, புக்கெட் பார்த்துவிட்டு வருகிறோம். நான், கணவர், 9 வயது மகன். எந்தெந்த ஊசி கட்டாயம் டாக்டர்?

கட்டாயம் என்று எதுவும் இல்லை. இந்தியாவிலிருந்து நேராகப் போகிறவர்களிடம் சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து ஆகிய இந்த மூன்று நாடுகளும் தடுப்பூசி அட்டை கேட்பதில்லை. ஆனால் அதிகாரி கேட்பதற்காகப் போடும் ஊசி வேறு, உடம்புக்காகப் போடும் ஊசி வேறு. முதல் வகை இல்லை என்றதும் பலர் இரண்டாவதையும் விட்டுவிடுகிறார்கள்.

டைஃபாய்டு ஊசி மூவரும் போட்டுக்கொள்ளுங்கள். மகனுக்குச் சிறுவயதில் ஹெபடைடிஸ் ஏ (தண்ணீர், உணவு வழியாக வரும் ஈரல் அழற்சி) ஊசி போட்டிருக்கிறதா என்று அவனுடைய தடுப்பூசிப் புத்தகத்தைப் பாருங்கள். தட்டம்மை ஊசி இரண்டு தவணையும் முடிந்திருக்க வேண்டும். டெட்டனஸ் போட்டு 10 வருடம் ஆகியிருந்தால் இன்னொன்று. இவற்றோடு, யாருமே நினைத்துப் பார்க்காத ஃப்ளூ ஊசி. கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பே போட்டுவிடுங்கள். ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே சாப்பாட்டுக் கூடத்திலும் ஒரே அரங்கிலும் கூடும் இடம் கப்பல். ஒருவர் இருமினால் மூன்றாம் நாள் என் அறை வாசலில் வரிசை நிற்கும்.

அப்புறம் டெங்கு. மூன்று நாட்டிலும் உண்டு. டீட் என்ற வேதிப்பொருள் 20 சதவீதமோ அதற்கு மேலோ உள்ள கொசு விரட்டி வாங்கிக்கொள்ளுங்கள். வெயில் தடுப்புக் களிம்பை முதலில் தடவி, அது காய்ந்தபின் கொசு விரட்டி. பலரும் மாற்றிப் போடுகிறார்கள்.

மதுரையிலிருந்து: சாப்பாடு, தூக்கம் எல்லாம் கப்பலில்தான். கரையில் வெறும் 6 மணி நேரம். அதற்கு இவ்வளவு தேவையா?

டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிக்கும். சூரியன் உதித்தபின் சில மணி நேரமும், மறைவதற்கு முன் சில மணி நேரமும் அதற்கு மும்முரமான பொழுது. காலை 8 மணிக்கு இறங்கினால் முதல் வேளையிலும், பகல் 11 மணிக்கு இறங்கி மாலை 5 மணிக்கு ஏறினால் இரண்டாவது வேளையிலும் நீங்கள் கரையில்தான் இருக்கிறீர்கள்.

உங்கள் வாதம் மலேரியாவுக்குப் பாதி சரி. அதைப் பரப்பும் அனோஃபிலிஸ் இரவில் கடிக்கும் கொசு. இருட்டுவதற்குள் கப்பலுக்குத் திரும்பிவிட்டால் ஆபத்து நன்றாகக் குறையும். ஆனால் கென்யாவின் மொம்பாசாவில் இறங்கி சாவோ காட்டுக்குப் போய் ஒரு இரவு தங்கி யானை பார்ப்பவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவர்கள் மலேரியா மாத்திரை சாப்பிட்டே ஆக வேண்டும். டாக்ஸிசைக்ளின் என்றால் போவதற்கு ஓரிரு நாள் முன் தொடங்கி, வந்தபின்னும் 4 வாரம். அட்டோவக்வோன்-ப்ரோகுவானில் என்றால் வந்தபின் 7 நாள். ஊர் வந்ததும் நிறுத்திவிடாதீர்கள். ஈரலில் பதுங்கியிருக்கும் கிருமி ரத்தத்துக்கு வரும்போது மருந்து அங்கே இருக்க வேண்டும்.

திருச்சியிலிருந்து: மொம்பாசா, சான்சிபார், செஷல்ஸ் போகிறோம். மஞ்சள் காமாலை ஊசி மூன்று தவணையும் போட்டாயிற்று. அது போதும்தானே?

போதாது. இதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் 7 பேர் இதே குழப்பத்தோடு எழுதியிருக்கிறார்கள். நீங்கள் போட்டது ஹெபடைடிஸ் பி. இந்தப் பயணத்துக்குத் தேவை மஞ்சள் காய்ச்சல் ஊசி. மஞ்சள் காமாலை ஈரல் பாதிப்பின் அறிகுறி. அது பல காரணங்களால் வரும். மஞ்சள் காய்ச்சல் தனி நோய், தனி வைரஸ், பரப்புவது கொசு. பெயரில் மஞ்சள் இருப்பதைத் தவிர உங்கள் ஊசிக்கும் இதற்கும் தொடர்பில்லை.

கென்யா மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடு. அங்கிருந்து போகிறவர்களிடம் சான்சிபாரும் செஷல்ஸும் சான்றிதழ் கேட்கும். இந்தியாவும் கேட்கும். மஞ்சள் காய்ச்சல் நாட்டை விட்டு 6 நாளுக்குள் சான்றிதழ் இல்லாமல் இங்கே வந்து இறங்கினால், 6 நாள் வரை தனிமையில் வைப்பார்கள். கப்பலிலேயே வந்தாலும் அப்படித்தான். 30 நாளுக்குள் அத்தகைய துறைமுகத்தைத் தொட்ட கப்பல் முறைப்படி கொசு ஒழிப்பு செய்திருக்காவிட்டால், அதில் வருகிறவர்களுக்கும் அதே விதி.

ஊசி ஒன்றுதான். போட்டு 10 நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். அரசு அங்கீகரித்த மையங்களில் மட்டுமே போடுவார்கள். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டும் துறைமுகச் சுகாதார அலுவலகமும் இருக்கின்றன. ஒரு குப்பியில் பலருக்கான மருந்து இருக்கும், கலக்கியபின் சில மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். அதனால் குறிப்பிட்ட நாட்களில் ஆட்களைச் சேர்த்துத்தான் போடுவார்கள். முன்பே பதிவு செய்யாமல் கிளம்பிப் போகாதீர்கள்.

பழைய அட்டையில் 10 வருடம் என்று எழுதியிருப்பவர்கள் கவலைப்பட வேண்டாம். 2016 ஜூலை 11 முதல் அது ஆயுள் முழுவதும் செல்லும். அட்டையைத் தொலைக்காமல் இருந்தால் போதும்.

சேலத்திலிருந்து: புக்கெட் போக மஞ்சள் காய்ச்சல் ஊசி வேண்டுமா?

வேண்டாம். முதல் பதிலைப் பாருங்கள்.

சென்னையிலிருந்து: மஞ்சள் காய்ச்சல் ஊசியே போடாமல் அட்டையில் முத்திரை வாங்கித் தருகிறேன் என்கிறார் எங்கள் ஏஜென்ட். மொம்பாசாவில் ஒரு பகல்தான் நிற்கிறோம். செய்யலாமா?

கூடாது. அந்த ஏஜென்டிடம் இனி டிக்கெட்டும் வாங்காதீர்கள். மஞ்சள் காய்ச்சல் முற்றியவர்களில் பாதிப் பேர் 7 முதல் 10 நாளுக்குள் இறந்துவிடுகிறார்கள். அந்த நோய்க்கென்று மருந்து கிடையாது.

மேலே உள்ளதற்கு, தூத்துக்குடியிலிருந்து: டாக்டர் பயமுறுத்துகிறார். நான் சரக்குக் கப்பலில் 22 வருடம் ஆப்பிரிக்கா போய் வந்தவன். எங்கள் ஆட்கள் பாதிப் பேர் முத்திரை மட்டும் வாங்கியவர்கள். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

உங்கள் ஆட்கள் நலமாக இருப்பதில் எனக்கு மகிழ்ச்சி. ஆனால் அவர்களுக்கு மட்டும் உரிய விஷயமில்லை இது. இந்தியாவில் இந்த நோய் இல்லை. ஆனால் அதைப் பரப்பும் ஏடிஸ் கொசு உங்கள் தெருவிலும் என் தெருவிலும் இருக்கிறது. நம் மக்களில் பெரும்பாலோருக்கு எதிர்ப்புச் சக்தி அறவே கிடையாது. வைரஸோடு ஒருவர் வந்து இறங்கி, அவரைக் கடித்த கொசு அடுத்த வீட்டில் கடித்தால் என்ன ஆகும்? அந்த அட்டை இருப்பதே இதற்காகத்தான்.

தூத்துக்குடியிலிருந்து மீண்டும்: இத்தனை வருடம் வராதது இனிமேலா வரப் போகிறது?

ஆசியாவுக்கு வந்திருக்கிறது. 2016-இல் அங்கோலாவில் பெரிய அளவில் மஞ்சள் காய்ச்சல் பரவியபோது, அங்கே வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய சீனர்கள் 11 பேருக்கு நோய் உறுதியானது. ஆசியாவுக்குள் அது வந்து சேர்ந்ததாக உறுதியானது அதுதான் முதல் தடவை. நல்லவேளை, அங்கே பரவவில்லை. இன்னொரு கொசு நோயையும் பாருங்கள். 2005-06-இல் இந்தியப் பெருங்கடலில் உள்ள ரீயூனியன் தீவில் மூன்றில் ஒருவருக்குச் சிக்குன்குனியா வந்தது. அதே காலத்தில் நம் ஊரில் எத்தனை வீடுகளில் மூட்டைப் பிடித்துக்கொண்டு நடக்க முடியாமல் கிடந்தார்கள் என்பது உங்களுக்கே நினைவிருக்கும். இந்தியப் பெருங்கடல் கொசு நோய்களுக்குத் தடுப்புச் சுவர் இல்லை.

அதே விவாதத்தில், நாகையிலிருந்து: முத்திரை மட்டும் வாங்கிப் போன என் தம்பியை விமான நிலையத்தில் விசாரித்து, மையத்தின் பதிவேட்டில் பெயர் இல்லை என்று சொல்லி நிறுத்திவிட்டார்கள். 6 நாள் தனிமையில் இருந்தான். அம்மா சாப்பிடவே இல்லை. தூத்துக்குடி அண்ணன் இதையும் யோசிக்க வேண்டும்.

எழுதியதற்கு நன்றி தம்பி.

தூத்துக்குடியிலிருந்து: சரி டாக்டர். என் மகன் இப்போது கடலுக்குப் போகிறான். அவனுக்கு நிஜமாகவே போட்டுவிடுகிறேன்.

இதைப் படித்ததும் மனது நிறைந்துவிட்டது, ஐயா. 10 நாள் கணக்கை மறக்காதீர்கள்.

ஈரோட்டிலிருந்து: லங்காவிக்கு மஞ்சள் காய்ச்சல் ஊசி உண்டா?

இல்லை. இந்தியாவிலிருந்து சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து மட்டும் போகிற யாருக்கும் தேவையில்லை. தயவுசெய்து இதை மறுபடி கேட்காதீர்கள்.

கோலாலம்பூரில் மகள் இருக்கும் ஒரு அம்மா: கிள்ளானில் இறங்கி பத்துமலை போகிறோம். குரங்கு பிராண்டிவிட்டால் என்ன செய்வது?

நல்ல கேள்வி அம்மா. பத்துமலையின் 272 படியிலும் குரங்குகள் உட்கார்ந்திருக்கும். அர்ச்சனைத் தட்டு, வாழைப்பழம், பிளாஸ்டிக் பை, தண்ணீர் பாட்டில் எதுவும் கையில் வெளியே தெரியக் கூடாது. பிடுங்கினால் விட்டுவிடுங்கள். திருப்பி இழுக்கும்போதுதான் கடிபடுகிறார்கள்.

பிராண்டினாலோ கடித்தாலோ, சோப்பும் ஓடுகிற தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவுங்கள். கடிகாரம் பார்த்து 15 நிமிடம். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதுவும் வைக்காதீர்கள். பிறகு போவிடோன் அயோடின் கிருமிநாசினி. அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய் வெறிநோய்த் தடுப்பூசியின் முதல் தவணை. காயத்தைச் சுற்றிப் போடும், உடனடி எதிர்ப்புச் சக்தி தரும் இம்யூனோகுளோபுலின் ஊசி தேவையா என்று அங்கே கேளுங்கள். பல கப்பல்களில் அந்த மருந்து இருக்காது. குரங்கிடமிருந்து வரும் ஹெர்பீஸ் பி என்ற அரிய வைரஸையும் டாக்டரிடம் சொல்லுங்கள். அதற்குத் தனி மாத்திரை உண்டு.

கப்பல் போய்விடுமே என்று மட்டும் ஏறிவிடாதீர்கள். நான்கு நாள் கழித்துச் சென்னையில் போட்டுக்கொள்ளலாம் என்று ஒருவர் என்னிடம் சொன்னார். நானே கூட்டிக்கொண்டு இறங்கினேன். வெறிநோய் வெளிப்பட்டபின் காப்பாற்ற வழி ஏறக்குறைய இல்லை. கப்பலை அடுத்த துறைமுகத்தில் பிடித்துக்கொள்ளலாம். பாலியிலும் இதேதான். அங்கே 2008 முதல் நாய்களிடம் வெறிநோய் இருக்கிறது. தெருநாயைக் கொஞ்சாதீர்கள்.

பெங்களூருவிலிருந்து: கப்பலில் எங்கே திரும்பினாலும் சானிடைசர் இருக்கிறது. போதும்தானே?

போதாது. கப்பலில் வாந்தியும் பேதியுமாகக் கூட்டமாகப் படுக்க வைப்பது நோரோ வைரஸ். அதை ஆல்கஹால் சானிடைசர் சரியாகக் கொல்வதில்லை. சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். நாம் கையால் சாப்பிடுகிறவர்கள், நமக்கு இது இரண்டு மடங்கு முக்கியம். பொதுக் கரண்டியைத் தொட்ட கையோடு தட்டில் கை வைக்காதீர்கள். வாந்தி வந்தால் மறைக்காமல் கப்பல் டாக்டரிடம் சொல்லுங்கள். அறையிலேயே இருக்கச் சொல்வார்கள் என்ற பயத்தில் மறைத்த ஒருவரிடமிருந்து அந்தத் தளமே படுத்ததை நான் பார்த்திருக்கிறேன்.

தஞ்சாவூரிலிருந்து: அப்பாவுக்கு 72 வயது. அமெரிக்காவில் இருக்கும் அண்ணன் அவரைப் பனாமா கால்வாய்க் கப்பலில் கூட்டிப்போகிறார். மஞ்சள் காய்ச்சல் ஊசி போடலாமா?

இதற்குப் பொறுமையாகப் பதில் சொல்ல வேண்டும். அது உயிருள்ள, வலுக்குறைத்த வைரஸ் ஊசி. 60 வயதுக்கு மேல் முதல்முறை போடும்போது கடுமையான பக்க விளைவு அரிதென்றாலும் இளைஞர்களைவிட அதிகம். மார்பெலும்புக்குப் பின்னால் உள்ள தைமஸ் சுரப்பியில் நோய், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்துகள், கடுமையான முட்டை ஒவ்வாமை இருந்தால் போடக் கூடாது.

கால்வாய்ப் பகுதிக்கும் பனாமா நகரத்துக்கும் மட்டும் போகிறவர்களுக்கு உலகச் சுகாதார நிறுவனம் இந்த ஊசியைப் பரிந்துரைப்பதில்லை. ஆபத்து கால்வாய்க்குக் கிழக்கே உள்ள காட்டுப் பகுதியில். ஆனால் இந்தியாவின் மஞ்சள் காய்ச்சல் நாடுகள் பட்டியலில் பனாமா முழு நாடாக இருக்கிறது. அதே கப்பல் கொலம்பியாவின் கார்த்தஹேனாவிலும் நிற்கிறதா என்று பாருங்கள். அதுவும் பட்டியலில் உண்டு. ஆகவே எல்லாத் துறைமுகங்களையும் எழுதி எடுத்துக்கொண்டு மையத்து மருத்துவரிடம் பேசுங்கள். ஊசி வேண்டாம் என்று அவர் முடிவு செய்தால், அந்த நாடுகளை விட்டு வந்தபின் அப்பா அண்ணன் வீட்டில் 10 நாள் இருந்துவிட்டு ஊர் திரும்பட்டும். விதி சொல்லும் 6 நாள் தாண்டிவிடும். கப்பல் நிறுவனமே சான்றிதழ் கேட்கிறதா என்பதையும் முன்பே விசாரியுங்கள்.

நெல்லையிலிருந்து: தாமிரபரணித் தண்ணீரை அப்படியே குடித்து வளர்ந்தவன் நான். இந்த ஹெபடைடிஸ், டைஃபாய்டு எல்லாம் என்னைத் தொடாது.

ஹெபடைடிஸ் ஏ சிறுவயதிலேயே வந்து போயிருந்தால் உண்மைதான், திரும்ப வராது. ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். ஆனால் டைஃபாய்டு திரும்பத் திரும்ப வரும். டெங்குவில் 4 வகை உண்டு, வேறு வகை இரண்டாவதாக வரும்போது முதல் தடவையைவிட ஆபத்து அதிகம். வடிகட்டிய தண்ணீரில் வளர்ந்த உங்கள் பிள்ளைகளுக்கு உங்கள் எதிர்ப்புச் சக்தியும் கிடையாது.

விசா எத்தனை நாளில் வரும் என்று கேட்ட மூவருக்கு: அந்தந்தத் தூதரகத்தில் கேளுங்கள்.

5 மாதக் கர்ப்பிணி ஒருவர், புக்கெட் கப்பல் பற்றி: உங்களைப் பார்க்கும் மகப்பேறு மருத்துவரிடம் நேரில் பேசுங்கள் அம்மா. கொசுவால் பரவி வயிற்றுக் குழந்தையைப் பாதிக்கும் ஜிகா வைரஸ் பற்றிக் கட்டாயம் கேளுங்கள். எழுத்தில் முடிவு சொல்லும் விஷயமில்லை இது.

புதுச்சேரியிலிருந்து, நேற்று இரவு வந்தது: மொம்பாசா போய்விட்டு வந்து 12 நாள் ஆகிறது. கணவருக்கு இரண்டு நாளாகக் குளிர் காய்ச்சல். பக்கத்து கிளினிக்கில் வைரல் ஃபீவர் என்று மாத்திரை தந்தார்கள். அவர்களிடம் பயணம் பற்றி நாங்கள் சொல்லவில்லை.

இதைப் படித்தவுடன் கிளம்புங்கள். பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய், "ஆப்பிரிக்காவிலிருந்து வந்து 12 நாள்" என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். இன்றே மலேரியா ரத்தப் பரிசோதனை எடுக்கச் சொல்லுங்கள், டெங்குவுக்கும் சேர்த்து. முதல் பரிசோதனையில் மலேரியா இல்லை என்று வந்தாலும் 12 முதல் 24 மணி நேரத்தில் மறுபடி எடுக்க வேண்டும். ஆப்பிரிக்காவில் அதிகம் காணப்படும் ஃபால்சிபாரம் என்ற கடுமையான மலேரியா வகை ஓரிரு நாளில் மூளையையும் சிறுநீரகத்தையும் பிடித்துவிடும். ஆனால் சீக்கிரம் கண்டுபிடித்தால் முழுதாகக் குணமாகும். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும். ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென் தராதீர்கள். கப்பலின் பயணத் திட்டத் தாள் இருந்தால் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். பரிசோதனை முடிவு வந்ததும் எத்தனை மணியானாலும் எனக்கு எழுதுங்கள்.